தட்டினால் விட்டுவிட வேண்டும்

கீழே விழுந்த பிறகு என்ன செய்வது என்று எங்கள் ஐகிடோ தற்காப்புக் கலை வகுப்பில் முதலில் கேட்டவர் என் கணவர்தான்.

சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு நடக்கும். முகூர்த்த நாளென்றால் வகுப்பு கிடையாது. மற்ற வாரங்களில் மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, நீல ரப்பர் பாய்களைக் கோத்து விரிப்போம். எவ்வளவு கழுவினாலும் அந்தத் தரையிலிருந்து ரசத்தின் வாசனை போகாது. விழுந்து புரளும்போது மூக்கில் ஏறும்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் சங்கிலி. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். சங்கிலி போனதைவிட நான் விழுந்த விதம்தான் என் கணவரை உறுத்தியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டில் விரிசல். "விழறதுக்குன்னு ஒரு முறை இருக்கும். அதக் கத்துக்கலாம்" என்றார். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் முறை உண்டு என்று நம்புகிறவர். நான் ஒரு நாளிதழில் மாவட்டப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதையும் எளிதில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஆசிரியர் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர், எங்களைவிட மிகவும் இளையவர். என் கணவர் கேட்ட கேள்விக்கு அவர் பூசி மெழுகவில்லை.

"தரைக்குன்னு ஐகிடோல தனியா ரொம்ப ஒண்ணும் இல்ல சார். மேல ஒருத்தன் ஏறி உக்காந்துட்டான்னா அதுக்கு ஜூடோ மாதிரி வேற கலைங்க இருக்கு. இங்க எழுந்துக்கறதுதான் முதல் வேலை. முடியலன்னா, முழங்கால்ல உக்காந்துகிட்டே செய்யற முறைங்க இருக்கு. அத வெச்சு நீங்களா யோசிச்சுப் பாருங்க."

நீங்களா யோசிச்சுப் பாருங்க என்று என் கணவரிடம் யாரும் சொல்லக் கூடாது. அன்று மாலையே எங்கள் வீட்டுப் படுக்கையறையில் கட்டிலை நகர்த்தி, பழைய மெத்தையைத் தரையில் போட்டார். மேலே உட்கார்ந்து என் இரண்டு மணிக்கட்டுகளையும் தரையோடு அழுத்திக்கொண்டு, "இப்ப என்ன பண்ணுவ?" என்றார்.

"எழுந்திரிங்கன்னு சொல்லுவேன்."

"திருடன் எழுந்திருப்பானா?"

"திருடன் இவ்ளோ கனமா இருக்க மாட்டான்."

வாரக்கணக்கில் யோசித்து, முயன்று, ஒரு வழி கண்டுபிடித்தார். அவரைத் தள்ள முயலக் கூடாது. இடுப்பைச் சட்டென்று தூக்க வேண்டும். அவர் முன்னால் சரிந்து, முகம் தரையில் மோதாமல் இருக்கக் கையை எடுத்து ஊன்றுவார். ஊன்றிய அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு, அதே பக்கமாகப் புரள வேண்டும். அவர் விழுவார், நான் முழங்காலில் எழுவேன். அதற்குப் பிறகு வகுப்பில் எப்போதும் செய்வதுதான்: முழங்கையை அழுத்தி, குப்புறக் கிடத்தி, ஒரு முழங்காலை அக்குளோரம் வைத்து, கையை என் மார்போடு அணைத்து, தலைப்பக்கமாக மெல்லத் திருப்புவது. தோளில் வலி ஏறும். ஏறியதும் அவர் தன் மற்ற கையால் தரையைத் தட்டுவார். நான் விட்டுவிடுவேன்.

ஐகிடோவில் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான். தட்டினால் விட்டுவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று நினைக்கக் கூடாது. அந்தக் கூடத்தில் நடக்கும் மற்றதெல்லாம் ஓரளவு ஒப்பந்தம்தான். ஒருவர் பிடிக்க வருவார், இன்னொருவர் சாய்ப்பார், விழுகிறவர் விழச் சம்மதித்துத்தான் விழுவார். வலது கை, பிறகு இடது கை, பிறகு மறுபடியும் வலது. அப்புறம் பிடித்தவர் சாய்ப்பவராவார். ஆனால் தட்டுவது ஒப்பந்தம் அல்ல. அது அங்கே இருந்த ஒரே சத்தியம்.

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் பெரும்பாக்கத்திலிருந்து வருவாள். ஒருநாள் துடைப்பத்தோடு அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இந்த வயசுல ரெண்டு பேரும் குஸ்தி போட்டுகினு கீறீங்க" என்றாள்.

"தற்காப்பும்மா" என்றார் என் கணவர், குப்புறக் கிடந்தபடியே.

"அம்மா கிட்டருந்தா சார்? அப்பன்னா நானும் கத்துக்கறேன். எங்க வூட்டுக்காரனுக்குத் தேவைப்படும்."

சிரிப்பில் என் பிடி நழுவியது.

அவருக்கு நோய் வந்தது முதலில் அந்தக் கூடத்தில்தான் தெரிந்தது. நான் தொடுவதற்கு முன்பே விழ ஆரம்பித்தார். என் கை அவர் முழங்கைக்குப் போகும் முன்பே அவர் தரையில் இருப்பார். எல்லோரும் கிண்டல் செய்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு, எல்லோரும் எழுந்து நின்றபோது உட்கார்ந்தே இருந்தார். ஒரு சனிக்கிழமை ஆசிரியரைப் பார்த்து, "தம்பி, நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மூளையின் முன்பகுதி சுருங்குகிறது என்று மருத்துவர் படத்தைக் காட்டிச் சொன்னார். மறதி மட்டும் இல்லை, சுபாவமே மாறும் என்றார். கோபம் வரும், கை நீட்டுவார், அது அவர் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் செய்திகளில் அடிக்கடி வெட்டிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘உருவத்தில் அவர், உள்ளத்தில் வேறொருவர்.’ அதற்கு அர்த்தமில்லை என்று வெட்டுவேன். இப்போதும் அர்த்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். என் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளியது அவர் கைதான். விரலில் இருந்தது எங்கள் கல்யாண மோதிரம்.

பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் அழைத்தாள். "அம்மா, ஒரு நாள் உன் பேப்பர்லயே ஒரு பத்தி செய்தியா வரப்போற. தலைப்பும் நீயே எழுதி வெச்சுக்கோ."

"ஒரு பத்திக்கெல்லாம் இடம் தர மாட்டாங்க. நாலு வரிதான்."

"விளையாடாதம்மா. பெருங்களத்தூர் பக்கம் ஒரு ஹோம் பத்திச் சொன்னேன் இல்ல, போய்ப் பாரு. பாக்கறதுக்கு என்ன?"

பார்க்கப் போனேன். பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி உள்ளே போகும் தெருவில், புதுச் சுண்ணாம்பு அடித்த இரண்டு மாடி வீடு. சுத்தமாக இருந்தது. சமையல் நன்றாக இருந்தது, ருசி பார்க்கச் சொன்னார்கள். முன்னறையில் ஒருவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளோடு வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. விரல்களை மட்டும் விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார்.

வெளியே வந்து மகளை அழைத்தேன். "கட்டிப்போடற இடத்துக்கு உங்கப்பாவ அனுப்ப மாட்டேன்" என்றேன். என்னால் முடிகிற வரை வீட்டில்தான் என்றேன். முடிகிற வரை என்றால் எதுவரை என்று அவள் கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது, இனி எல்லாமே அதைப் பொறுத்துத்தான் என்பது.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வெளிக் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றார். சொல்லாததால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் பின்னால் போனேன், அவர் கூடவே வந்தார், சாப்பாட்டு மேசைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இரண்டு பேரும் விழுந்தோம். அவர் மேலே, நான் கீழே. அவருடைய முன்கை என் தொண்டையில் இருந்தது. எடை முழுவதும் அதன்மேல் இருந்தது. அவர் முகம் என் முகத்துக்கு மிக அருகில். அதில் கோபம்கூட இல்லை, திறக்காத கதவைத் தள்ளுகிற ஒருவரின் முகம்.

கத்த மூச்சு இல்லை. இடுப்பைத் தூக்கினேன்.

அவர் முன்னால் சரிந்தார். கையை ஊன்றினார். நான் அந்தக் கையைப் பிடித்துப் புரண்டேன். மேசைக் கால் என் முதுகில் இடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, முழங்கால்களும் கைகளும் அவையவை போக வேண்டிய இடத்துக்குப் போயின. அவர் குப்புறக் கிடந்தார். கையை அணைத்து, தலைப்பக்கமாகத் திருப்பினேன்.

அவர் மற்ற கையால் தரையைத் தட்டினார்.

நான் விட்டுவிட்டேன். யோசித்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது, அவர் மறுபடி பாய்ந்தால் எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் பாயவில்லை. மெதுவாக எழுந்து, முழங்காலிட்டு உட்கார்ந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி, என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வகுப்பில் பிடிப்பதுபோல, உறுதியாக, வலிக்காமல். வலது முடிந்தது, அடுத்தது இடது.

கொடுத்தேன். அந்தச் சமையலறைத் தரையில், பிரிட்ஜின் இரைச்சலுக்குப் பக்கத்தில், இடது கைக்கும் செய்தோம். மறுபடியும் வலது. ஒவ்வொரு முறையும் தட்டினார், ஒவ்வொரு முறையும் விட்டேன். முடிந்ததும் எனக்குத் தலை வணங்கினார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஆபீசைப் பற்றி அவர் அன்று பேசவில்லை.

அதற்குப் பிறகு இது எங்கள் வழக்கமாகிவிட்டது. கோபம் வரும். வந்தால் அவர் மணிக்கட்டைத்தான் பிடிப்பார். இது எனக்கு அதிர்ஷ்டம், அவரிடத்தில் வேறு யாராவது இருந்தால் ஓங்கி அறைந்திருப்பார்கள். பிடித்ததும் நானே தரைக்குப் போய்விடுவேன். நின்றபடி சண்டை போட்டால் மேசை முனையும் கதவு நிலையும் இருக்கின்றன. தரையில் கிடந்தால் அதற்குமேல் விழ இடமில்லை. வகுப்பில் தரையிலிருந்து எழுவதுதான் முதல் வேலை என்று சொன்னார்கள், எங்களுக்கு அதுதான் பத்திரமான இடமாக இருந்தது. வீட்டுக் கூடத்தில் இருந்த நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டேன். புரண்டு, அழுத்தி, திருப்பினால் தட்டுவார். தட்டியதும் அவர் திரும்பி வந்துவிடுவார். முழுவதுமாக இல்லை. என் பெயர் அவருக்கு அப்போதே போய்விட்டது. ஆனால் எதிரே இருப்பவள் தன் ஜோடி என்ற அளவுக்குத் திரும்பி வருவார். சில நாட்கள் அதற்காகவே அவர் கோபப்படுவதை எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வேலை செய்யும் பெண்தான் பயந்தாள். "யம்மா, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பாக்கறவனுக்கு நீ சாரைக் கீழ போட்டு மிதிக்கிற மாறி கீது. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா பேஜாரு."

"அவர் தட்டினா விட்டுடறேன்."

"தட்டலன்னா?"

அதே கேள்வியை ஆசிரியரிடம் போனில் கேட்டேன்.

"மேடம், பிடிக்கறவங்களுக்கு எல்லை தெரியாது. எங்க நிறுத்தணும்னு சொல்றது கீழ இருக்கறவங்கதான். சார் தட்டற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல. தட்டறத மறந்துட்டார்னா, நீங்க அன்னைக்கே இத நிறுத்திடணும். அதுக்கப்பறம் இது ஐகிடோ கிடையாது."

மழைக்காலம் முழுவதும் தட்டினார். பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது, அவள் கண் முன்னாலேயே ஒருமுறை நடந்தது. ஓடிவந்து பிரிக்கப் பார்த்தாள். "நில்லு" என்றேன். அவர் தட்டினார், எழுந்து உட்கார்ந்தார், இடது கையை நீட்டினார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது ஹோம் பற்றி அவள் பேசவே இல்லை.

வெயில் தொடங்கிய ஒரு காலையில், குளிக்கக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். துண்டை நீட்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு பேரும் மெத்தையில் இறங்கினோம். புரண்டேன். அவர் குப்புறக் கிடந்தார். கையை அணைத்துத் திருப்பினேன், அவர் வழக்கமாகத் தட்டும் இடம் வரை. அவருடைய மற்ற கை மெத்தைக்கு வெளியே டைல்ஸ் தரையில், உள்ளங்கை கீழே பட விரிந்து கிடந்தது. அது அசையவில்லை.

நான் மேலே போகவில்லை. அங்கேயே நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். "தட்டுங்க" என்றேன். "ஏங்க, தட்டுங்க." அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதறினார். வலியிலிருந்து விலகிப் போகாமல், வலிக்குள்ளேயே உடம்பைத் திருப்பினார். பல வருடம் பழகிய யாரும் அந்தத் திசையில் திரும்ப மாட்டார்கள், முதல் நாள் வந்தவர்கள்தான் திரும்புவார்கள். தோளுக்குள் ஏதோ விட்டுப்போன ஓசை வந்தது. சத்தமாக இல்லை. அவர் வாயிலிருந்து வந்ததுதான் சத்தம்.

விட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தொங்கிய கையை மறு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் என்மேல் கோபமே இல்லை.

"இங்க ஒரு பொம்பள இருந்தா" என்றார். "என் கைய முறுக்கிட்டா. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அவள என்னன்னு கேளு."

கேக்கறேன் என்றேன். அவர் சமாதானமாகித் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்படி அவர் சாய்ந்து நீண்ட நாளாகியிருந்தது. வேலை செய்யும் பெண் வந்து ஆட்டோ கூப்பிடும் வரை நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

தோளின் தசைநார் கிழிந்திருந்தது. கையைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு ‘கீழே விழுந்ததில்’ என்று எழுதினார். அன்றே மகளை அழைத்து, "அந்த இடத்துக்குப் போன் பண்ணு" என்றேன். அவள் அழுதாள், பிறகு எண்ணைத் தேடினாள்.

அவரைச் சேர்த்த அன்று ஹோமில் என்னோடு பேசிய பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வயது இருக்கும். பொறுமையாகப் பேசினாள்.

"அடிப்பாராம்மா?"

"பிடிப்பார். தள்ளுவார்."

"கீழ விழுந்துட்டா உங்களால சமாளிக்க முடியுதா?"

"முடிஞ்சுது."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். "ரொம்பக் கோபம் வந்தா மட்டும் கொஞ்ச நேரம் கட்டி வெப்போம்மா. துணிதான். சாருக்கு ஒரு கை ஏற்கெனவே கட்டியிருக்கறதால இன்னொண்ணு மட்டும்தான். அடங்கினதும் அவுத்துடுவோம்."

"அடங்கிட்டார்னு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியும்மா."

எனக்குக் கட்டிக் காட்டச் சொன்னேன். சங்கடப்பட்டாள். வேண்டாம்மா என்றாள். நான் அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். வேட்டித் துணியைக் கிழித்து மடித்துத் தைத்த பட்டை. பல முறை துவைத்து மென்மையாகியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, முடிச்சுக்குள் தன் விரலை விட்டு இறுக்கம் சரியா என்று பார்த்தாள். இழுத்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. வராந்தாவில் இன்னொரு பெரியவர் பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரிந்தது.

"அவுத்துடுங்க" என்றேன். உடனே அவிழ்த்துவிட்டாள்.

"சரி" என்றேன்.

"நாளைக்கு வரும்போது முழுக்கைச் சட்டையா எடுத்துட்டு வாங்கம்மா. பட்டை தோல்ல உரசாது."

அவரிடம் முழுக்கைச் சட்டை எதுவும் இல்லை. வேலை பார்த்த காலத்திலிருந்தே அரைக்கைதான். திரும்பும் வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கினேன். கடைக்காரர் அளவு கேட்டார், சொன்னேன். பருத்தியில் மூன்று எடுத்து வைத்தார். ஒன்றைப் பிரித்து, கையை விரித்து அளந்து பார்த்தேன்.

"சாருக்கு சரியா இருக்கும்மா" என்றார்.

"கை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா கிடைக்குமா?" என்று கேட்டேன்.